பழைய ஆலயமொன்றின் வயதைச் சுவரிலிருந்து கணிப்பது எப்படி?

பழைய கிறிஸ்தவ ஆலயமொன்றின் வரலாற்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் உள்ளே நுழைந்ததும் நினைவுக்கற்களை வாசிக்கத் தொடங்குவர். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டிய கொழும்பு வுல்பெண்டால் ஆலயத்தில் அப்படித் தொடங்குபவர் கட்டடத்தின் வயதைப் பிழையாகக் கணிக்கக்கூடும். கொழும்பின் கோட்டைப் பகுதியில், இன்றைய கோர்டன் பூங்கா அமைந்துள்ள இடத்தில் இருந்த ஒல்லாந்த ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட ஆளுநர்களின் எச்சங்களும் நினைவுக்கற்களும் 1813 இல் இங்கு மாற்றப்பட்டன. ஆகவே உள்ளேயிருக்கும் கற்களுள் சில, அவற்றைத் தாங்கும் கட்டடத்தை விட மூத்தவை.

முதலில் வெளியே நின்று முகப்பின் முக்கோணச் சுவரைப் பாருங்கள். அங்குள்ள 1749 என்னும் ஆண்டும் ஆளுநர் ஸ்டெய்ன் வான் கொலனெஸ்ஸின் பெயரின் முதலெழுத்துகளும் வேலை தொடங்கிய காலத்தைக் காட்டுகின்றன. ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது 1757 இல்தான். ஆண்டுக்கல் எதைக் கண்டாலும், அது தொடக்கத்தைக் குறிக்கிறதா முடிவைக் குறிக்கிறதா என்று கேட்பது நல்லது.

அடுத்து, கட்டடத்தைச் சுற்றி நடந்து அதன் தரையமைப்பை மனதில் வரைந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவின் இடைக்காலக் கிராம ஆலயங்கள் பொதுவாகக் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். மக்கள் கூடும் பகுதியைக் கடந்து கிழக்கு முனையில் பலிபீடம் இருக்கும். வுல்பெண்டாலோ நான்கு கைகளும் ஏறத்தாழச் சமமான சிலுவை வடிவம் கொண்டது. பிரசங்கத்தை வழிபாட்டின் நடுவில் வைத்த சீர்திருத்தச் சபைக்கு (ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து சபைக்கு), எல்லோரும் போதகரின் குரலைக் கேட்கக்கூடிய இந்த அமைப்பு மிகப் பொருத்தமானது. என் கருத்தில், இந்த ஆலயத்தைப் பற்றி எந்தக் கல்வெட்டையும் விட அதிகம் சொல்வது இதுவே.

வளைவுகளிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. இங்கிலாந்தின் கிராம ஆலயமொன்றில் அரைவட்ட வளைவு பொதுவாக 12 ஆம் நூற்றாண்டையும், கூர்வளைவு அதற்குப் பிந்திய காலத்தையும் சுட்டும். ஆனால் பண்டைய கிரேக்க, உரோமப் பாணியை மீட்டெடுத்த ஒல்லாந்தரின் கட்டடங்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

வாசலிலோ சன்னலிலோ நின்றால் சுவரின் தடிப்பு தெரியும்; அது ஏறத்தாழ ஐந்து அடி. கபுக் கல்லையும் (செந்நிறச் செம்புறைக்கல்) முருகைக்கல்லையும் (பவளப்பாறைக்கல்) அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் அது. கபுக் கல் நுண்ணிய செதுக்கலுக்கு இசையாதது என்பதால், அலங்காரம் கல்லில் அன்றிச் சாந்திலேயே அமைந்திருக்கும். கூரையை வைத்து மட்டும் காலம் கணிக்க வேண்டாம். 1856 இல் இடி விழுந்து அது சேதமடைந்தது.

இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பின்னரே உள்ளேயுள்ள கற்களை அணுகுங்கள். தேய்ந்த எழுத்துகளைச் சுண்ணக்கட்டியால் தேய்க்காமல், பொறுப்பாளரின் அனுமதியுடன் கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால், சாய்ந்து விழும் ஒளியில் எழுத்தின் பள்ளங்கள் நிழலாகத் தெரியும்.