விசாரிப்பது நம் வேலை இல்லை, தகவல் சொல்வதுதான்

கடைசி மணி அடித்த பிறகும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வகுப்பை விட்டுப் போகவில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். “டீச்சர், இன்னைக்கு ஆத்தா வீட்டுக்குப் போகட்டுமா?” என்றாள். அரசுப் பள்ளியில் 22 வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் படவில்லை.

குழந்தையிடம் யாரோ தவறாக நடந்திருப்பார்களோ என்ற சந்தேகம் உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். வந்தால், முதலில் உட்காருங்கள். “என்னம்மா ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். “மாமா தொட்டாரா?” என்று நீங்களாக ஒரு ஆளை எடுத்துக் கொடுக்காதீர்கள், டீச்சர் சொல்லிக்கொடுத்தது என்று நாளைக்குக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: “நீ சொன்னது நல்லதும்மா. உம்மேல தப்பே இல்ல. உதவி செய்றவங்ககிட்ட நான் சொல்லப் போறேன்.”

அப்புறம் உடனே எழுதிவிடுங்கள். தேதி, நேரம், குழந்தையின் சொல் அப்படியே. அவள் “அங்க வலிக்குது” என்றாள். நானும் “அங்க வலிக்குது” என்றே எழுதினேன்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு ஆதாரத்தைத் தேடி வரச் சொல்லவில்லை. குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, நடந்தது தெரியவந்தாலோ உள்ளூர் போலீசுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. சொல்லாமல் விட்டால்தான் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு உங்கள் கடமை முடியாது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், “பேரு கெட்டுடும், முதல்ல நாமளே விசாரிப்போம்” என்றார்கள். நாலு நாளில் நாலு பேர் அந்தக் குழந்தையைக் கேள்வி கேட்டார்கள். நாலாவது நாள், “ஒண்ணும் நடக்கல” என்று சொல்லிவிட்டது. நானும் அந்த அறையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை அது என்னை விடவில்லை.

வீட்டில் இருப்பவர் மேலேயே சந்தேகம் என்றால் குழந்தையை அங்கே அனுப்பாதீர்கள், அவரைக் கூப்பிட்டு விளக்கமும் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். போலீசுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் சொன்னதைப் பதிந்து, எண் போட்டு, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ, போலீஸ் சீருடை போடாமல் வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி. ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போலீஸ் தெரிவித்தாக வேண்டும். பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், நம்பிக்கையான ஒருவர் கூட இருக்க வேண்டும். போட்டிருந்த துணியைத் துவைத்துவிடாமல் காகித உறையில் வைக்கச் சொல்லுங்கள்.

பெயரை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஆசிரியர் அறையிலும் பேசாதீர்கள். மூன்றாவது வாரம் அந்த ஏழாம் வகுப்புப் பெண் பள்ளிக்கு வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதே இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்து, கணக்கு நோட்டை எடுத்தாள்.