பழைய பாகங்களில் வீட்டு சர்வர்: வாங்கும் விலையோடு கணக்கு முடிவதில்லை

பழைய பாகங்களை வாங்கி வீட்டிலேயே விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள்போல ஓடுபவை) ஓட்ட நினைப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. போன மாதம் இரண்டு பேர் தாங்கள் வாங்கப்போகும் பட்டியலை அனுப்பினார்கள். இரண்டிலும் நான் முதல் சர்வர் வாங்கியபோது செய்த அதே தவறு. பேக்கப் எடுங்கள், தூசி துடையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்; வாங்கும்போது செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சும்மா இருக்கும்போது எத்தனை வாட் என்று பார்க்காமல் வாங்குவது

நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நான் முதலில் வாங்கியது இன்டெலின் ஜியான் இ5-2670 என்ற சர்வர் சிப்கள் இரண்டு கொண்ட ரேக் சர்வர். 2012-இல் வந்த சிப், ஒவ்வொன்றிலும் 8 கோர். அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. டிடிபி 115 வாட் என்று படித்துவிட்டு, வேலை இல்லாதபோது கொஞ்சம்தான் இழுக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். டிடிபி என்பது சிப்புக்கு முழு வேலை கொடுக்கும்போது கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் கணக்கு. மொத்தப் பெட்டியும் சுவர் பிளக்கிலிருந்து எவ்வளவு எடுக்கும் என்பதை அது சொல்லாது.

மின் கட்டணம் ஏறிய பிறகுதான் பிளக்கில் எத்தனை வாட் போகிறது என்று காட்டும் மீட்டர் மாட்டினேன். ஒரு விர்ச்சுவல் மெஷின்கூட ஓடவில்லை, மீட்டர் 160 வாட்டில் நின்றது. ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். 160 வாட் என்றால் கிட்டத்தட்ட 1,400 யூனிட்.

அன்றிரவு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இரண்டாவது பவர் சப்ளையை உருவியதும் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது சிப்பை எடுத்ததும் நன்றாகவே இறங்கியது, ஆனால் சர்வருக்கு நெட்வொர்க் கார்டே தெரியவில்லை! அந்த ஸ்லாட்டும் பாதி ரேம் ஸ்லாட்டுகளும் அந்தச் சிப்போடு இணைந்தவை. சிப்பைத் திரும்ப மாட்ட வேண்டியதாயிற்று.

வீட்டு சர்வர் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். எனக்குப் பற்றாமல் போனது எப்போதும் ரேம்தான், கோர் இல்லை. இப்போது ஓடுவது ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட சின்னப் பெட்டி: ஐ5-8500டி சிப், 64 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. அதே மீட்டரில் 14 வாட், வருடத்துக்கு 123 யூனிட்.

விற்பவரிடம் சும்மா இருக்கும்போதைய அளவைக் கேளுங்கள், முடிந்தால் மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். அந்த வாட்டை 8.76-ஆல் பெருக்கி, உங்கள் யூனிட் விலையாலும் ஓட்டப்போகும் வருடங்களாலும் பெருக்கி, வாங்கும் விலையோடு கூட்டுங்கள். அதுதான் உண்மையான விலை.

தூங்கவிடாத கார்டு

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் பழைய ரெய்டு கார்டுகள் பல, தாங்கள் எடுக்கும் மின்சாரம் போதாதென்று, சிப்பையும் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகவிடாது. லினக்ஸில் மின் செலவைக் காட்டும் பவர்டாப் நிரலில் பார்த்தால் தெரிந்துவிடும். போர்டிலேயே டிஸ்க்குகளை மாட்ட உள்ள சாட்டா போர்ட்டுகளே போதுமென்றால் கார்டு வேண்டாம்.

தேவைக்கு மீறிய பவர் சப்ளை

பவர் சப்ளை மின்சாரத்தை எவ்வளவு குறைவாக வீணாக்குகிறது என்பதற்கான 80 பிளஸ் கோல்டு சான்று 20, 50, 100 சதவீதச் சுமையில் அளந்து தருவது. 850 வாட் சப்ளையில் 30 வாட் எடுத்தால் சுமை 4 சதவீதம்கூட இல்லை. அங்கே சப்ளை எவ்வளவு வீணாக்கும் என்பதற்கு அந்தச் சான்று பொறுப்பில்லை.

விடி-டி இல்லாத சிப்

இன்டெலின் ஐ7-2600கே, 4770கே சிப்கள் இரண்டிலும் விடி-டி வசதி கிடையாது. அது இல்லாமல் நெட்வொர்க், கிராபிக்ஸ் போன்ற கார்டை நேரடியாக விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுக்க முடியாது. கே இல்லாத 2600, 4770 வாங்குங்கள்.

சர்வர் ரேம் மலிவு என்று வாங்குவது

சர்வர்களுக்கென்று வரும் ஆர்டிம் வகை ரேம் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் ஓடாது.