காமர்ஸ் வாத்தியார்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பிளஸ் ஒன் காமர்ஸ் குரூப்பில் சேரும் பிள்ளைகளில் பலர் ஏதோ ஒரு கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள்தான். கடன் நோட்டு எழுதுவார்கள், ஜிபேயில் பணம் விழுந்ததா என்று பார்த்துச் சரக்கைக் கொடுப்பார்கள். அவர்களைப் போய் முதல் நாளே, "பயன் பெறுபவர் கணக்கைப் பற்று செய்க, பயன் அளிப்பவர் கணக்கை வரவு செய்க" என்று டெபிட், கிரெடிட் விதியை மனப்பாடம் செய்ய வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. விதி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு பில்லையோ ரசீதையோ கையில் கொடுத்து "இதில் யார் எதைக் கொடுத்தார், யாருக்கு என்ன வந்தது" என்று கேட்டுவிட்டு அப்புறம் விதிக்கு வாருங்கள்.

பலகாரக் கடைக்காரர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்குக் கடையிலிருந்தே மணகோலமும் சீப்புச் சீடையும் எடுக்கிறார், கணக்கில் என்ன எழுதுவது? "எங்க கடைச் சரக்குதானே சார், எழுதவே வேண்டாம்" என்று வகுப்பில் ஒருவனாவது சொல்வான். சொல்லட்டும். கடை வேறு, முதலாளி வேறு என்ற தனித்தன்மைக் கருத்தை விளக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. முதலாளி சொந்தத்துக்கு எடுத்ததை எழுதும் எடுப்புகள் கணக்கில் பற்று, கொள்முதல் கணக்கில் வரவு, அதுவும் விற்கிற விலைக்கு இல்லை, அடக்க விலைக்கு. ஏன் அடக்க விலை என்று அவர்களையே சண்டை போட விடுங்கள்.

நம் ரொக்க ஏட்டையும் வங்கி பாஸ்புக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலிலும் இதே கதைதான். ரொக்க ஏட்டில் பற்றுப் பக்கம் இருக்கும் பணம் பாஸ்புக்கில் ஏன் வரவுப் பக்கம் போகிறது என்று குழம்பினால், பாஸ்புக் என்பது வங்கி தன் கணக்கில் நம்மை எழுதிவைத்ததன் நகல், நம் பணம் அவர்களுக்குக் கடன் என்று ஒரு வரி சொன்னால் போதும். அதைச் சொல்லாமல் கூட்டு, கழி என்று அட்டவணை போட்டுக் கொடுத்தால் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடும்.

அடுத்து டாலி என்ற கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். அது தெரிந்தால் வேலை கிடைக்கும் என்று பெற்றோரும் அவசரப்படுத்துகிறார்கள், சரி. ஆனால் கையால் பேரேடு (லெட்ஜர்) எழுதிப் பார்க்காத பிள்ளைக்கு டாலி ஆபத்து, ஏனென்றால் அதில் பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் இருப்பாய்வு அநேகமாக எப்போதும் சமமாகத்தான் வரும். கடையில் பயன்படுத்த வாங்கிய கிரைண்டரை, விற்க வாங்கிய சரக்குபோலக் கொள்முதல் என்று பதிந்தாலும் இரண்டு பக்கமும் அழகாகப் பொருந்தும், லாபம் மட்டும் பொய்யாக இருக்கும். பாடத்தில் விதிப்பிழை என்று வருவது இதுதான். வேண்டுமென்றே நாலைந்து பிழைகளோடு ஒரு கணக்கைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தயாரிக்க நேரம் பிடிக்கும், தெரியும், ஆனால் இந்தப் பாடத்தில் வாத்தியாருக்கு வேண்டிய திறமையே அதுதான் என்பேன்.

நம்ம ஊருக்கே உரிய ஒரு தவறும் உண்டு. பர்மா, மலாயா, நகரத்தார் கொண்டுவிற்கப் போனது (கடல் கடந்து தொழில் செய்யப் போனது), வள்ளல் அழகப்பர் என்று பெருமை பேசியே பீரியடை முடிப்பது. பேசுங்கள், ஆனால் அந்தக் காலத்துப் பெட்டியடிப் பையன் (கடையில் தொழில் பழகும் சிறுவன்) அடுத்தாளாகி, கடைப் பொறுப்பை ஏற்கும் மேலாளான வழியையும் சொல்லுங்கள்: பக்கத்தில் உட்கார்ந்து எழுதி, தப்பு செய்து, திட்டு வாங்கித்தான் கற்றான்.

பழைய நோட்ஸை அப்படியே ஓட்டுவதும் நிறைய நடக்கிறது. ஜிஎஸ்டி விகிதம் 5, 12, 18, 28 சதவீதம் என்று இன்னும் கரும்பலகையில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்களுக்கு 5 அல்லது 18தான், சிலவற்றுக்கு 40. விகிதம் நாளைக்கும் மாறும், அதனால் ஆத்தங்குடி டைல்ஸ் மதுரைக்குப் போனால் மத்திய, மாநில வரி இரண்டாகப் பிரியும், பெங்களூருக்குப் போனால் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி என்ற அடிப்படையைப் பிடித்துக்கொள்ள வையுங்கள்.

தட்டச்சில் முதல் மாதமே வேகம் கேட்காதீர்கள். அரசுத் தட்டச்சுத் தேர்வில் ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45, அது தானாக வரும். விசையைப் பார்த்து அடிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மட்டும் போகவே போகாது. செல்போனில் பெருவிரலால் அடித்துப் பழகியவர்களுக்கு இது இன்னும் சிரமம், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கடைசியாக, நிஜ பில் கொண்டுவரச் சொல்லும்போது ஒரு கவனம். அதிலுள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33. அடுத்த பத்தும் வருமான வரிக்கான பான் எண். ஒருவரே நடத்தும் கடை என்றால் அது அந்த முதலாளியின் சொந்தப் பான்தான். அதையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டு நகல் எடுங்கள், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அப்படியே போட்டுவிடாதீர்கள்.