மருந்தளக்கும் குப்பியில் கோட்டை விடாதீர்கள்

1770களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா, கென்டக்கிப் பக்கம் திரிந்த வேட்டைக்காரனின் கோலத்தை அப்படியே கட்ட ஆசைப்படுகிறவர்கள் துப்பாக்கிக்கும் உடைக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறார்கள், ஒவ்வொரு தையலையும் சரிபார்க்கிறார்கள், கடைசியில் தோள்பை வாரில் தொங்கும் விரல் நீளச் சாமான் ஒன்றில் கோட்டை விட்டுவிடுகிறார்கள். துப்பாக்கியில் போடும் கருமருந்து என்ற வெடிமருந்தை அளக்கும் குப்பியைத்தான் சொல்கிறேன். குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு மருந்து போக வேண்டும், அதற்கான சின்னக் கிண்ணம் அது.

அதிகம் நடக்கும் தவறு, கோடு போட்டு ஏற்றி இறக்கும் பித்தளைக் குப்பியை வாங்கி மாட்டிக்கொள்வது. அந்த வகை 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் ரவைத் துப்பாக்கிக்காரர்களுக்காக டிராம் என்ற பழைய ஆங்கில எடையளவு பொறித்துச் செய்து விற்றார்கள், அந்த நிறுவனம் தொடங்கியதே 1806-ல்தான். 1775-ன் வேட்டைக்காரனிடம் இருந்தது ஒரு ரைஃபிள், அதற்கு ஒத்துவந்த ஒரு மருந்தளவு. அதனால் குப்பிக்கும் ஒரே அளவு போதும். பித்தளையே ஆகாது என்று சொல்லவில்லை. பித்தளைத் தகட்டையோ தகரத்தையோ குழலாகச் சுருட்டி, அடி வைத்து ஈயம் பற்றவைத்தால் அது அந்தக் காலத்துக்குப் பொருந்தும். ஆனால் பழைய தோட்டாக் கூட்டை வெட்டிக் கைப்பிடி போட்டுக்கொள்கிறார்களே, அது கூடாது. அப்படி வெட்டுகிற முப்பது-நாட்-சிக்ஸ் (.30-06) ரைஃபிள் தோட்டாக் கூடு 1906-ல் வந்தது. அலுமினியம் மலிவானது 1886-க்குப் பிறகு, எவர்சில்வர் வந்தது 1913-க்குப் பிறகு, அதனால் இவையும் கூடாது.

அப்புறம் குப்பி குடையக் கொம்பு. நம் மொழியில் மானுக்கும் கொம்பு, மாட்டுக்கும் கொம்பு என்று ஒரே சொல்தான், ஆனால் கையில் எடுத்து வேலை செய்தால் இரண்டும் வேறு வேறு பொருள். மான் கொம்பு எலும்பு. வருஷா வருஷம் விழுந்து முளைக்கும், வெளிப்புறம் கெட்டியாகவும் நடுவில் கடற்பஞ்சு மாதிரி துளைதுளையாகவும் இருக்கும். மாட்டுக் கொம்பு நகம் மாதிரியான உறை, உள்ளே வெற்று, நுனி மட்டும் கெட்டி. மாட்டுக் கொம்பைக் கொதிநீரில் போட்டால் இளகும், வளைக்கலாம், வாயை விரிக்கலாம். அதே மாதிரி மான் கொம்பை வளைத்துவிடலாம் என்று போனால் நடக்காது. மான் கொம்பில் கிளையின் நுனிப்பக்கத் துண்டாகப் பார்த்து எடுங்கள். அடிப்பக்கத்துத் தடித்த துண்டைக் குடைந்தால் பஞ்சுப் பகுதி வந்துவிடும், சுவரெல்லாம் நுண்துளை, மருந்துத் தூள் அதில் சிக்கி நிற்கும், அளவு மாறும். மாட்டுக் கொம்பில், மருந்தை நிரப்பி எடுத்துச் செல்லும் மருந்துக்கொம்பு செய்யும்போது வெட்டி ஒதுக்கும் நுனி இருக்கிறதே, அது இதற்கு அருமையான துண்டு. அமெரிக்கத் தென்பகுதி ஆற்றங்கரைகளில் வளரும் மூங்கில் இன நாணலும் சரிதான், கணுவுக்குக் கீழே வெட்டினால் அடியும் தானாகக் கிடைத்துவிடும். இந்தியாவில் இருந்து செய்கிறவர்கள் மான் கொம்புப் பக்கமே போக வேண்டாம். புள்ளிமான், கடமான் கொம்பை வைத்திருப்பதே 1972-ன் வனவிலங்குச் சட்டத்தில் சிக்க வைக்கும். மாட்டுக் கொம்பு போதும்.

குடையும்போது அவசரம் கூடாது. உங்கள் துப்பாக்கிக்கு 70 கிரெயின் ஒத்துவருகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஏறக்குறைய 4.5 கிராம். கொஞ்சம் குடைந்து, கருமருந்து நிரப்பி, லேசாகத் தட்டி, மேலே வழித்துவிட்டு, தராசில் கொட்டிப் பாருங்கள், பிறகு இன்னும் கொஞ்சம் குடையுங்கள். ஆழம் கூடிவிட்டதா, துண்டைத் தூக்கிப் போட வேண்டாம், வாய் விளிம்பை அரம் போட்டுத் தேய்த்துக் குறைத்தால் சரியாகிவிடும். அளந்து பார்ப்பது உண்மையான கருமருந்தாகவே இருக்க வேண்டும். மாற்று மருந்துகளுக்கு எடை வேறு. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைக் குப்பியில் மட்டுமில்லை, இந்தத் துப்பாக்கியின் அருகிலேயே கொண்டுவரக் கூடாது, குழல் வெடித்துவிடும். இன்னொன்று, அக்காலக் கரண்டி வடிவத் துளைப்பான் குழியின் அடியை உருண்டையாக விடும். மின் துளைப்பானின் கூம்பு அடி பார்த்த உடனே தெரிந்துவிடும், அதைச் சுரண்டி உருட்டிவிடுங்கள்.

முரடாக இருந்தால்தான் பழசு என்று நினைத்து மணி, இறகு எல்லாம் கட்டி, தேநீரில் ஊறவைத்துக் கறுப்பாக்குவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காத வேலை. அன்றைக்கு அது புதுச் சாமான். கத்தியால் வழித்து மழமழப்பாக்கும் கை அவர்களுக்கு இருந்தது.

யாருக்கு மாட்டுகிறோம் என்பதையும் பாருங்கள். 1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போரில் மஸ்கட் என்ற நீளத் துப்பாக்கி ஏந்திய சிப்பாய் காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்துக் கெட்டித்தான், அவன் தோளில் அளவுக்குப்பி தொங்கினால் பொருந்தாது. அதற்கு நூறு வருஷம் முந்தைய திரித் துப்பாக்கிக்காரன் ஒவ்வொரு வேட்டுக்கும் தனித்தனியாக மருந்து அடைத்த மரக்குப்பிகளை வாரில் கோத்துத் தொங்கவிட்டான். அதுவும் வேறு சாமான்.

குப்பி அழகாக வந்த பிறகும் சிலர் மருந்துக்கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டுகிறார்கள். வேண்டவே வேண்டாம். முந்தைய வேட்டின் கங்கு ஒன்று உள்ளே மிச்சமிருந்தால் குப்பி மருந்தோடு போகாது, கொம்பு முழுக்கப் பற்றி கையிலேயே வெடிக்கும்.

கடைசியாகக் கயிறு. அதற்கான துளையைக் குழிக்குக் கீழே, கெட்டிப் பகுதியில் போடுங்கள், கொஞ்சம் மேலே போய்க் குழியைத் தொட்டால் மருந்து ஒழுகும். நைலான் வேண்டாம், மெல்லிய தோல் வார் அல்லது சணல் (ஹெம்ப்) முறுக்கு. மருந்துக்கொம்பின் வாரிலேயே கட்டினால், இடது கையில் குப்பியைப் பிடித்தபடி வலது கையால் கொம்பைச் சாய்க்க நீளம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை வெறுங்குப்பியோடு பார்த்துவிட்டு முடிச்சை இறுக்குங்கள்.