மஞ்சள்புருவ இலைக்கதிர்க்குருவி: பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

எடை ஆறு கிராம் அளவுதான். யூரல் மலைக்குக் கிழக்கே சைபீரியக் காடுகளில் கூடு கட்டி, குளிர்காலத்துக்குத் தென்கிழக்கு ஆசியா போக வேண்டிய குருவி இது. ஆனால் ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியில் சில குருவிகள் மேற்கே பறந்து, ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாண்ட் தீவுகளில் இறங்கிவிடுகின்றன. மரமே அரிதான தீவுகள். தோட்டத்துச் சைக்கமோர் மரம்தான் அவற்றுக்குப் புகலிடம்.

புருவக் கோட்டையோ இறக்கையிலுள்ள வெள்ளைக் கோடுகளையோ பார்த்ததும் பெயரை முடிவு செய்துவிடாதீர்கள். அதே மரத்தில் மேயும் கோல்டுகிரெஸ்ட் என்ற சின்னக் குருவிக்கும் இறக்கையில் வெள்ளைக் கோடுகள் உண்டு. ஆனால் முகத்தில் புருவமே இருக்காது. பல்லாஸ் இலைக்கதிர்க்குருவிக்குப் புருவம் இருக்கும். உச்சந்தலை நடுவே மஞ்சள் கோடும், வாலடிக்கு மேலே எலுமிச்சை மஞ்சள் திட்டும் அதைக் காட்டிக்கொடுக்கும். சிக்கல் ஹியூம் இலைக்கதிர்க்குருவியில்தான். வெகுகாலம் ஹியூமையும் மஞ்சள்புருவத்தையும் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். ஹியூம் கொஞ்சம் சாம்பல் பூத்த நிறம் என்பார்கள். மங்கலான வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் எங்கே தெரியும்? இங்கே கண்ணைவிடக் காதை நம்புங்கள். மஞ்சள்புருவத்தின் 'ட்சூ-ஈஸ்ட்' கூர்மையாக மேலேறி முடியும். ஹியூமின் குரலில் அந்த ஏற்றம் இல்லை.

அப்புறம், எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. குருவி வெளியே வரட்டும் என்று கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுவது. கடல் தாண்டி வந்த குருவிக்கு அப்போது தேவை பூச்சி மட்டுமே. இழந்த கொழுப்பை மீட்க வேண்டிய நேரத்தில் இல்லாத ஒரு குருவியைத் தேடி அலையவிடுகிறோம். படத்துக்காகக் கிளையை உலுக்குவதும், கல்சுவர் ஏறிக் கேட்காமல் தோட்டத்துக்குள் நுழைவதும் அதே ரகம்.

'புயல் அடித்துக்கொண்டு வந்துவிட்டது, இனிப் பிழைக்காது' என்று சொல்வதும் சரியல்ல. காற்றுக்குப் பங்குண்டு. ஆனால் காற்று மட்டுமே காரணமென்றால் ஆண்டு தவறாமல் இத்தனை குருவிகள் வராது. முதல் வலசை போகும் இளங்குருவிகள் பிறவியிலேயே பெற்ற திசையுணர்வை நம்பிப் பறக்கின்றன. சிலவற்றுக்கு அந்தத் திசை மாறியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எல்லாமே செத்துவிடுவதும் இல்லை. சில குருவிகள் ஸ்பெயினிலும் கேனரி தீவுகளிலும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

சரி, எப்படித்தான் பார்ப்பது? மரத்துக்குச் சற்றுத் தள்ளி அசையாமல் நில்லுங்கள். இரை தேடி ஒரு சுற்றுப் போன குருவி, அதே மரத்துக்குத் திரும்பி வரக்கூடும்.