பழைய மாருதி 800: ஸ்டியரிங் ஆட்டத்தையும் சஸ்பென்ஷன் சத்தத்தையும் நாமே கண்டுபிடிப்பது

பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டக் டக் என்று சத்தம், நேர் ரோட்டிலும் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஷாக் அப்சார்பர் மாற்றணும், ராக் (ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் கம்பி) மாற்றணும் என்று பட்டியல் போடுவார்கள். அதற்குப் பணம் எடுத்து வைக்கும் முன்னால் ஆட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கையால் பிடித்துப் பாருங்கள், ஏனென்றால் இந்த வண்டியில் பெரும்பாலும் முதலில் போவது விலை குறைந்த ரப்பர் புஷ்தான், அதாவது இரும்பு பாகங்கள் சேரும் இடத்தில் மெத்தை மாதிரி இருக்கும் ரப்பர்.

வண்டியின் அமைப்பு எளிமையானது. பவர் ஸ்டியரிங் இல்லாத ராக் அண்ட் பினியன், முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் ஒரே துண்டாக ஆக்சில். 1983 இறுதியில் வந்த முதல் மாடலில் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், அடுத்த மாடலிலிருந்து காயில் ஸ்பிரிங். வண்டியும் 650 கிலோ அளவுதான் என்பதால் வீட்டு வாசலிலேயே நிறைய பார்த்துவிடலாம். ஒரே ஒரு கண்டிஷன்: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் வண்டியை உட்கார வைத்த பிறகுதான் கையே உள்ளே போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டயர் காற்று. இரண்டு பக்கமும் காற்று வேறுவேறாக இருந்தாலே வண்டி இழுக்கும். அப்புறம் டயர் தேய்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். இரண்டு ஓரமும் சமமாகத் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரியில்லை. அங்கங்கே குழி விழுந்த மாதிரி தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படலாம்.

இப்போது ஸ்டியரிங். சக்கரங்கள் தரையில் இருக்கட்டும், எஞ்சின் ஆஃப். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒரு அங்குலம் இரண்டு அங்குலம் மட்டும் வேகமாக அசைக்க வேண்டும், நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்ட்டின் மேலும் கை வைத்துக்கொண்டே போக வேண்டும்: ஸ்டியரிங்கிலிருந்து கீழே இறங்கும் தண்டின் (ஸ்டியரிங் காலம்) அடியில் இருக்கும் ஜாயிண்ட், ராக்கைப் பாடியோடு பிடித்திருக்கும் கிளாம்ப் ரப்பர், ராக் பூட் என்னும் ரப்பர் உறைக்குள் இருக்கும் உள் ஜாயிண்ட், கடைசியில் சக்கரத்துக்குப் பக்கத்தில் டை ராட் எண்ட் (ராக்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் கம்பியின் முனை). அசைவு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் உடனே வராமல் தங்கும் இடம்தான் கோளாறு. அது விரலுக்குத் தெளிவாகத் தெரியும். ராக் பூட் கிழிந்திருந்தால் தள்ளிப் போடவே கூடாது, மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய் ராக்கையே தின்றுவிடும். ஆட்டம் இருக்கிறது என்று ராக்கின் அட்ஜஸ்ட்மெண்ட்டை இறுக்கிவிடும் பழக்கமும் வேண்டாம். அதிகமாக இறுக்கினால் ஸ்டியரிங் கனத்துப்போய், திருப்பத்துக்குப் பிறகு தானாக நேருக்குத் திரும்பாது.

அடுத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் பக்கம். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது இருந்தால், உள்ளே இருப்பவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், அப்படியே இருந்தால் லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பாடியோடு பிடித்திருக்கும் கை) முனையில் உள்ள பால் ஜாயிண்ட்டைப் பாருங்கள். பால் ஜாயிண்ட் ஆட்டத்தோடு வண்டியை ஓட்டாதீர்கள், அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும்.

இனி நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் விஷயம், ஸ்டெபிலைசர் பார் புஷ், அதாவது முன்பக்கம் அடியில் குறுக்கே போகும் கம்பியின் ரப்பர். வேறு பல கார்களில் அந்தக் கம்பியின் வேலை வளைவில் வண்டி சாயாமல் பார்ப்பது மட்டும்தான். மாருதி 800-இல் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பதும் அதே கம்பி. அதன் முனையில் இருக்கும் புஷ் நைந்துபோனால் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கச் சக்கரம் கொஞ்சம் பின்னால் போகிறது, வண்டி இழுக்கிறது, நேர் ரோட்டில் அலைகிறது. இதைத்தான் பலரும் பிரேக் கோளாறு என்று நினைத்து காலிப்பர் வரை கழற்றிப் பார்க்கிறார்கள். ஆர்முக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு லீவர் கொடுத்து நெம்பினால் போதும், தளர்ச்சி தெரிந்துவிடும். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், நடுவில் பாடியோடு பிடிக்கும் புஷ்ஷையும் சேர்த்து. வாஷர் எந்த முகம் பார்த்து இருந்தது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

புஷ் வேலையில் பலர் விடும் படி ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் போல்ட்டை சக்கரம் தொங்கும் நிலையில் முழுசாக முறுக்கக் கூடாது. கையளவு முறுக்கிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே வேலை செய்து சீக்கிரம் கிழியும். வாட்டர் வாஷ் முடிந்ததும் அடியில் டீசலோ பழைய ஆயிலோ ஸ்பிரே அடிப்பார்கள் இல்லையா, அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சத்தம் சில நாள் அடங்கும், ஆனால் எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி மெத்தென்று ஆகிவிடும். புது புஷ் ஏற்ற சோப்புத் தண்ணீர் போதும்.

டை ராட் எண்ட் மாற்றுவது கடினமில்லை. லாக் நட் இருந்த இடத்தில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு, பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதை அதே சுற்று ஏற்றுங்கள். பழையதன் கூம்பான தண்டு (டேப்பர்) துளையில் பிடித்துக்கொண்டு வராவிட்டால் அதை இழுத்து எடுக்கும் கருவியான புல்லர் போடுங்கள், மரையின் மேல் சுத்தியலால் அடிக்காதீர்கள். நட் கழலாமல் பூட்டும் ஸ்பிலிட் பின்னுக்கான துளை சேரவில்லை என்றால் நட்டைத் தளர்த்தக் கூடாது, இன்னும் கொஞ்சம் முறுக்கித்தான் சேர்க்க வேண்டும். ஸ்பிலிட் பின் எப்போதும் புதுசு.

ஸ்ட்ரட்டில் ஆயில் கசிந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், மேல் மவுண்ட் ரப்பரையும் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் நடு நட்டைக் கழற்றவே கூடாது, அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடும். இந்த ஒரு வேலையை நல்ல மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி.

பின்பக்கம் சீக்கிரம் முடிந்துவிடும்: காயில் ஸ்பிரிங் மாடலில் லேன் மாறும்போது பின்னால் குலுங்கினால் குறுக்கே போகும் லேட்டரல் ராடின் புஷ், ஸ்பீடு பிரேக்கரில் தட்டினால் ஷாக் அப்சார்பர் புஷ்.

எல்லாம் முடிந்த பிறகே வீல் அலைன்மெண்ட். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மெண்ட் செய்தால் மிஷினில் வரும் அளவு ரோட்டில் நிற்காது. இந்த வண்டியில் முன்னால் சரிசெய்ய முடிவது டோ மட்டும்தான், கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) தவறாகக் காட்டினால் எங்கோ ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

கடலோரத்தில் ஓடிய வண்டியென்றால் துருவையும் பாருங்கள். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மேல் மவுண்ட் உட்காரும் தகட்டையும், அடியில் லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் பிராக்கெட் பிடிக்கும் இடங்களையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு பொத்துக்கொண்டு உள்ளே போனால் முதலில் புதுத் தகடு வைத்து வெல்டிங், மற்ற பார்ட்ஸ் வாங்குவது அதற்கு அப்புறம். அந்த வேலை முடியும்வரை வண்டியை ஹைவேயில் எடுக்க வேண்டாம்.