அறையில் எத்தனை பேர்?

ஒரு ராத்திரி நண்பர்கள் சாப்பிட வந்திருந்தபோது அமெரிக்கப் பாடகர் ஜேசன் இஸ்பெல்லின் ‘ஃபாக்ஸஸ் இன் த ஸ்னோ’ ஆல்பத்தைப் போட்டுவிட்டேன். ஒற்றை கிடார்தானே, பேச்சுக்குப் பின்னால் மெல்ல ஓடட்டும் என்று நினைப்பு. மூன்றாவது பாட்டு வருவதற்குள் பேச்சே நின்றுபோனது. பக்கத்து அறையில் யாரோ மனமுடைந்து பேசுவது காதில் விழுந்துவிட்ட மாதிரி ஆளாளுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்துபோய் நிறுத்தினேன். பாட்டில் குறையில்லை, போட்ட நேரம்தான் தப்பு.

அதற்கப்புறம் புது அமெரிக்கானா ஆல்பம் எதைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் கவனிக்கிறேன்: வாசிக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கன்ட்ரி, ப்ளூஸ், ஃபோக், காஸ்பெல், ப்ளூகிராஸ் எல்லாம் கலந்து கிடக்கும் இந்த அமெரிக்க இசை வகைக்கு கிராமி விருதுகளில் 2010 முதல் தனி ஆல்பம் விருது இருக்கிறது. ஆனால் ‘சோகம்’, ‘அமைதி’ என்று செயலிகள் ஒட்டும் சீட்டு இங்கே உதவாது. பாதிப் பாட்டு சாவு, கடன், பிரிவு பற்றித்தான். அதே துக்கத்தை ஒருவர் தனியாகப் பாடினால் நமக்கு ஒரு மனநிலை, ஆறு பேர் சேர்ந்து வாசித்தால் கால் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

ஆகவே முதல் சுற்றில் பாடல் வரிகளைத் திறக்காதீர்கள். அமெரிக்கத் தென் மாநிலத்து உச்சரிப்பு எப்படியும் உடனே பிடிபடாது. இரண்டு பாட்டு ஓடட்டும். எத்தனை குரல், எத்தனை கருவி, பாடுபவர் காதருகே இருக்கிறாரா, அறையின் அந்தக் கோடியில் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். பாட்டு வரிசையையும் கலைக்க வேண்டாம்.

நான் மாட்டிக்கொண்ட இஸ்பெல் ஆல்பத்தில் ஒரே ஆள். 2025 மார்ச்சில் வந்தது. நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் ஐந்து நாளில், 1940-இல் செய்த சிறிய மார்ட்டின் கிடார் ஒன்றை வைத்துக்கொண்டு முடித்திருக்கிறார். அந்த அளவுக் கிடாரில் அடிக்குரல் முழக்கம் குறைவு. மரத்தின் வறண்ட ஒலிதான் முன்னால் வரும். கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்கிறது. மணமுறிவுக்குப் பின் வந்த ஆல்பம். இதற்கு ஹெட்போன், இரவு பத்து மணிக்கு மேல், கூட யாரும் வேண்டாம்.

இரண்டு பேர் என்றால் கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் ஜோடியின் ‘வுட்லண்ட்’ (2024). சில பாட்டில் மற்றவர்களும் வாசிக்கிறார்கள், ஆனால் மையம் இவர்கள் இருவர்தான். நாஷ்வில்லில் அவர்கள் நடத்தும் ஸ்டூடியோவின் பெயர்தான் தலைப்பு. 2020 மார்ச்சில் சூறாவளி அதன் கூரையைப் பிய்த்துப் போட்டபோது, கொட்டும் மழையில் இருவரும் ஒலிநாடாக்களைக் காப்பாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். பாட்டு ஒவ்வொன்றும் புயலைப் பற்றியது இல்லை. ஆனால் இழப்பைக் கண்டவர்களின் நிதானம் ஆல்பம் முழுக்க இருக்கிறது. ராலிங்ஸ் வாசிப்பது 1935-ஆம் வருடத்து எபிஃபோன் கிடார். வெல்ச் வரி முடித்து மூச்சு விடும் இடத்தில் அது நுழைகிறது, அவர் திரும்ப ஆரம்பிக்கும்போது ஒதுங்குகிறது. அந்த இடைவெளிகளைக் கேளுங்கள். ரொம்ப நாள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் அதிகம் பேசாமல் காபி குடிப்பது போல இருக்கும். விடிகாலைக்கு ஏற்றது. ஸ்பீக்கரில் போடலாம், சத்தம் குறைவாக.

சில ஆல்பங்களுக்கு அறையே கிடையாது. ரியானன் கிடன்ஸும் ஜஸ்டின் ராபின்சனும் 2025-இல் தந்த ‘வாட் டிட் த ப்ளாக்பேர்ட் சே டு த க்ரோ’ வட கரோலினாவில் திறந்தவெளியில் பதிவானது. அவர்களுக்கு வாசிக்கக் கற்றுத்தந்த முதிய ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) கலைஞர் ஜோ தாம்சனின் வீடும் பதிவு நடந்த இடங்களில் ஒன்று. அவர் 2012-இல் காலமாகிவிட்டார். தோல் போர்த்திய வட்ட உடல் கொண்ட பான்ஜோ என்னும் கம்பிக் கருவி ஒன்று, ஒரு ஃபிடில், பின்னால் பறவைகளும் சில்வண்டுகளும். முதல் தடவை என் ஹெட்போன்தான் பழுதோ என்று கழற்றிப் பார்த்தேன்!

பான்ஜோவின் ஐந்தாவது கம்பி குட்டையானது. கட்டைவிரல் அதை ஒரே சுருதியில் மீட்டிக்கொண்டே இருக்கும். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு அது சட்டென்று பிடித்துவிடும். இந்தக் கருவியின் மூதாதைகள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தவை. அதை நினைவில் வைத்துக் கேட்டால் குதூகலமான மெட்டின் அடியிலும் வேறொன்று ஓடுவது தெரியும். பகலில், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, வேலை செய்துகொண்டே கேளுங்கள். உட்கார்ந்து உன்னிப்பாகக் கேட்டால் எல்லா மெட்டும் ஒன்றுபோலத் தோன்றும். கை வேலையில் இருந்தால்தான் அதன் சுழற்சி உடம்பில் ஏறுகிறது.

கூட்டமான அறைக்குப் பாடகி சியரா ஃபெரலின் ‘ட்ரெயில் ஆஃப் ஃப்ளவர்ஸ்’ (2024). தெருவோரம் பாடிப் பழகிய குரல், நாலு கிராமி வாங்கியது. விருந்துக்கு இதைத்தான் போட்டிருக்க வேண்டும். வாக்ஸஹாட்சி என்ற பெயரில் பாடும் பாடகியின் ‘டைகர்ஸ் ப்ளட்’ (2024) கொஞ்சம் வேறு. தலைப்பு பயங்கரமாக இருந்தாலும், அது ஐஸ் சீவலில் ஊற்றும் சிவப்புப் பாகின் பெயர். சண்டை போட்டு ஓய்ந்த மாலைக்கு அது சரி.

பெடல் ஸ்டீல் கிடார் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பியின் சுருதியைக் காலாலும் முழங்காலாலும் ஏற்றி இறக்கும் கருவி அது. கமகம் போலக் குழைந்து வரும் அந்த ஒலி எந்த வரியையும் அழவைத்துவிடும். மனம் ஏற்கெனவே கனத்திருக்கும் நாளில் அது வரும் ஆல்பங்களைத் தள்ளிவையுங்கள்.

கேட்டதும் தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கிறேன். டைலர் சில்டர்ஸின் ‘ஸ்னைப் ஹன்ட்டர்’ (2025) எதிரே மட்டும் எண் காலியாக இருக்கிறது. கென்டக்கிக்காரரான அவர் திடீரென்று ‘தீர்த்த யாத்ரா’ என்று ஒரு பாட்டில் இந்தியாவுக்குக் கிளம்ப ஆசைப்படுகிறார். அந்த இடத்தில் எண்ணுவதை மறந்து சிரித்துவிடுகிறேன்.